ஓட்டமும் மோப்பமும்

உயிர்களை அளப்பதற்கு மனிதன் இரண்டு கோல்களை வைத்திருக்கிறான். ஒன்று பிறப்பு, மற்றொன்று பயன். "எந்த வழியில் வந்தது?" என்று கேட்பது முதற்கோல். "எதற்கு உதவும்?" என்று கேட்பது இரண்டாவது கோல். பிறப்பால் அளப்பது பேதைமை என்பதை நம்மில் பலரும் ஒப்புக்கொள்வோம். பயனால் அளப்பதே அறிவுடைமை என்று அடுத்த மூச்சிலேயே சொல்லியும் விடுவோம். அது முழு உண்மையாகுமா? பிரிட்டனில் வழிவழியாக வளர்க்கப்பட்டு வரும் ஒரு நாயை முன்வைத்து இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அந்நாயின் பெயர் லர்ச்சர். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் போல ஒடுங்கிய இடையும் நீண்ட கால்களும் கொண்டு, கண்ணால் கண்ட இரையைத் துரத்திப் பிடிக்கும் ஓட்டநாய்கள் அங்கும் உண்டு. கிரேஹவுண்ட், விப்பெட், டியர்ஹவுண்ட் என்பன அவ்வகையின. இவற்றுள் ஒன்றை வேறு தொழில் செய்யும் நாயோடு இணைத்துப் பெறும் கலப்பே லர்ச்சர். ஆடு மேய்க்கும் கோலியோடு இணைப்பது பழைய வழக்கம். துப்பாக்கி வேட்டையில் துணைநிற்கும் லாப்ரடார், ஸ்பேனியல், பாயிண்டர் போன்ற நாய்களோடு இணைப்பாரும் உளர். 1873-இல் தோன்றிய பிரிட்டனின் கென்னல் கிளப் இதனைத் தனி இனமாக இன்றும் ஏற்பதில்லை. குலப்பதிவேட்டில் இடமில்லை, வேட்டைக்காரன் வீட்டிலோ என்றும் இடமுண்டு.

சட்டம் கண்ட நாய்

லர்ச்சர் என்னும் சொல்லுக்குப் பதுங்கித் திருடுபவன் என்ற பழம்பொருள் உண்டு. அப்பழி வந்த வழியை அந்நாட்டுச் சட்டமே காட்டுகிறது. 1671-இல் இயற்றப்பட்ட வேட்டைச் சட்டம், நிலத்திலிருந்து ஆண்டுக்கு நூறு பவுன் வருவாய் இல்லாத எளியவர்கள் வேட்டைக்கருவிகளை வைத்திருத்தல் கூடாது என்று விதித்தது. துப்பாக்கி, வில், வலை, கண்ணி என நீளும் அப்பட்டியலில் கிரேஹவுண்டும், பறவையைக் குறிகாட்டும் செட்டர் வகை நாயும், லர்ச்சரும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. எளியவர் வீட்டைச் சோதித்து அவற்றைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் வேட்டைக் காவலருக்கு அளிக்கப்பட்டது. 1831-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே இந்தச் சொத்துத் தகுதி ஒழிந்தது.

செல்வனிடம் இருந்தால் விளையாட்டுத் துணை. வறியவனிடம் இருந்தால் திருட்டுக் கருவி. நாய் செய்த செயல் ஒன்றே. பிறப்பென்னும் கோல் நாயை மட்டுமா அளந்தது? அதனை வைத்திருந்தவனையும் சேர்த்தே அளந்தது.

இரு குணங்களின் கனவு

ஓட்டநாயையும் துப்பாக்கித் துணைநாயையும் இணைக்க விரும்புவோரின் எண்ணம் எளிதில் விளங்கக் கூடியது. கிரேஹவுண்ட் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் அதன் நான்கு கால்களும் இருமுறை நிலத்தைவிட்டு எழும். ஆயின் அது கண்ணை நம்பி வாழும் உயிர். இரை புதருக்குள் மறைந்தால் திகைத்து நின்றுவிடும். மெல்லிய தோல் முள்ளிலும் கம்பிவேலியிலும் எளிதிற் கிழியும். லாப்ரடாரோ மோப்பத்தால் உலகை அறிவது. அடர்ந்த மயிர் உடையது. குளிர்ந்த நீரில் இறங்கத் தயங்காது. விழுந்த பறவையைப் பல் பதியாமல் கவ்விவந்து கையில் தரும். எசமானின் குரலுக்குக் காத்திருக்கும். உடல் கனத்தது; ஆகலின் முயலின் பின்னே ஓடி வெல்லுதல் அதற்கு அரிது.

ஒன்றின் ஓட்டமும் மற்றொன்றின் மோப்பமும் ஓருடலில் சேர்ந்தால் எவ்வளவு நன்று! இதுவே கனவு. மறுப்போர் சொல்வதும் பொருளற்றதன்று. தலைநிமிர்ந்து பார்க்க வேண்டிய நொடியில் மூக்கைத் தரையில் வைத்து நிற்கும் நாயால் யாது பயன் என்பது அவர்கள் வினா.

எட்டில் எத்தனை?

இயற்கை கடைக்காரன் அல்லன். நாம் கேட்டதை மட்டும் நிறுத்துத் தருவதில்லை. ஓட்டமும் மோப்பமும் கீழ்ப்படிதலும் ஒரு மரபணுவால் அமைவன அல்ல. பலவற்றின் கூட்டால் அமைவன. முதற்கலப்பின் குட்டிகள் தாயிடம் பாதியும் தந்தையிடம் பாதியும் பெறுகின்றன. அக்கலப்புகளையே மீண்டும் தம்முள் இணைத்தால் வேறுபாடு இன்னும் விரியும். ஒரே ஈற்றில் எட்டுக் குட்டிகள் பிறந்தால் ஒன்று விரும்பியபடி அமையலாம். மற்றொன்று லாப்ரடாரின் கனத்தையும் கிரேஹவுண்டின் மெல்லிய தோலையும் ஒருங்கே பெற்றிருக்கலாம். துரத்தும் வெறி மிக்கிருந்து, அழைத்தால் திரும்பும் குணம் சிறிதும் இல்லாத குட்டியும் பிறக்கலாம்.

கலப்பினால் வந்த குறை இது என்று தூய இனத்தார் மகிழ வேண்டுவதில்லை. விப்பெட் நாய்களில் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றின் மாற்றத்தை 2007-இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது. மாறிய மரபணு ஒரு பங்கு அமைந்த நாய்கள் பந்தயத்தில் விரைவு மிக்கன. இரு பங்கு அமைந்தவையோ தசை பருத்து, விப்பெட்டின் மெலிந்த வடிவையே இழக்கின்றன. ஒரு பங்குடைய விரைவான இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒன்று அவ்வாறு பிறக்கும். தூய்மையைப் பேணினாலும் கலப்பை நாடினாலும், நாம் வேண்டாத குட்டியும் நாம் வேண்டிய குட்டியோடு கூடவே பிறக்கிறது.

அறத்தின் வினா இங்கேதான் எழுகின்றது. அந்த எட்டாவது குட்டிக்கு யார் பொறுப்பு? பிறப்பென்னும் கோல் அதனை ஏற்கனவே தள்ளிவிட்டது. பயன் என்னும் கோலும் இப்பொழுது தள்ளுகிறது. முன்னதைக் கொடிது என்று கண்ட நாம் பின்னதை மட்டும் நீதி என்று எவ்வாறு சொல்வது? தன்னைப் பிறப்பிக்குமாறு அக்குட்டி யாரிடமும் விண்ணப்பம் செய்யவில்லை. கனவு மனிதனுடையது, கனவு பிழைத்ததன் தண்டனை மட்டும் நாய்க்கா?

பயன் போனபின்

பயனே நிலையில்லாதது என்பதையும் காலம் காட்டிற்று. 2004-இல் இயற்றப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவதைத் தடைசெய்தது. குழிமுயலுக்கும் எலிக்கும், நில உரிமையாளர் இசைவோடு, விலக்கு உண்டு. முயலும் ஓர் உயிர்தானே. அதன் அச்சத்தை எண்ணுவோர் இச்சட்டத்தை வரவேற்பர். அவ்வாறு வரவேற்போரும் மறத்தலாகாத ஒன்று உண்டு. தொழில் சட்டத்தால் முடிந்தது. தொழிலுக்காகப் பிறந்த நாய் மறுநாளும் பசியோடு விழித்தது. கைவிடப்பட்ட லர்ச்சர்களைப் பேணுவதற்கென்றே அந்நாட்டில் அறநிலையங்கள் இயங்குகின்றன. அங்கே அவை சாய்வு நாற்காலியில் சுருண்டு உறங்கும் வீட்டுநாய்களாக இனிது வாழ்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஓடுவதற்காகவே பிறந்தது என்று நாம் முத்திரை குத்திய உயிருக்கு, ஓடாமலும் வாழத் தெரிந்திருக்கிறது!

நம்மில் பலர் அரசுப்பணியாளர்கள். ஓய்வூதியம் என்பது அரசு இரங்கி அளிக்கும் கொடை அன்று என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது நமக்குத் தெரியும். கை ஓய்ந்தபின்னும் மனிதனுக்கு உரிமை உண்டு என்ற அத்தீர்ப்பைப் போற்றும் நாம், கால் ஓய்ந்த நாய்க்கு ஒரு பிடிச் சோறு கடமை என்பதை மறுக்க இயலுமா? பிறந்து ஒருநாளும் உழைக்காத எட்டாவது குட்டிக்கும் அதே கடமை உண்டு. அங்கே கடன் உழைப்பினால் வந்ததன்று, பிறப்பித்தமையால் வந்தது.

ஆகவே கலப்பதா, கூடாதா என்பதைவிட முந்தியது வேறொரு வினா. "பிறக்கும் அத்தனையையும் ஏற்க ஆயத்தமா?" என்று இணைப்பதற்கு முன்பே தன்னைக் கேட்டுக்கொள்பவன்தான் அதனைச் செய்யும் தகுதி உடையவன். பெற்றோர் நாய்களின் உடல்நலத்தை ஆராய்தலும், வீடு கிடைக்கும் அளவுக்கே ஈற்றை நாடுதலும், விற்ற நாய் திரும்பி வந்தால் கதவைத் திறத்தலும் அத்தகுதியின் அடையாளங்கள்.

குழந்தைகளை நாய்களோடு ஒப்பிடுதல் தகாது. மனிதக் குலங்களை நாயினங்களோடு ஒப்பிடுதல் அதனினும் தகாது. எனினும் ஒப்பிடத்தக்கது ஒன்றுண்டு. அது நம் மனப்பாங்கு. தமிழகத்திற்கு வெளியே குடும்பம் நடத்தும் நாமும் ஒரு கனவு காண்கிறோம். பிள்ளைக்கு ஊரின் தமிழும் வேண்டும், நகரின் வேகமும் வேண்டும் என்கிறோம். இந்தியில் நண்பரோடு விளையாடி, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, பாட்டியிடம் பிழையின்றித் தமிழ் பேச வேண்டும் என்கிறோம். கனவு நல்லதே. ஆனால் நாம் வகுத்த அளவின்படி எல்லாப் பிள்ளைகளும் அமைவதில்லை. தமிழ் தடுமாறும் மகனும், மதிப்பெண் குறைந்த மகளும் அதே வீட்டில் உண்டு. அவர்கள் எதற்கு உதவுவர் என்று கேட்பதற்கு முன்பே அவர்கள் நம்முடையவர்கள். உயிரை வரவழைத்தவன் அதனை அளக்கும் முன் அணைக்கக் கடமைப்பட்டவன்.