கெடாத பெல்ட்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதற்காகப் பதினைந்தாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? கெட்டுப்போன பொருளுக்குச் செலவு செய்யும்போது முணுமுணுப்போம். கெடாத பொருளுக்குச் செலவு செய்யும்போது வயிறே எரியும்!

கடலூர் நண்பர் ஒருவரிடம் பழைய ஃபார்ச்சூனர் இருந்தது. 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் வகை. மூன்று லிட்டர் டீசல், நான்கு சக்கரமும் இழுக்கும். ஒரு மே மாதம் அதில் நீண்ட பயணம் போவதாகத் திட்டம். சிதம்பரத்தில் நடராஜர் தரிசனம், அங்கிருந்து தனுஷ்கோடி, கன்னியாகுமரி, திரும்பும்போது மூணாறு. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அவருடைய எண்பது வயது அம்மாவும் வருவதாக ஏற்பாடு. எனக்கும் ஒரு ஸீட். திரும்பி வந்ததும் வண்டியை விற்றுவிடுவது என்றும் முடிவாகியிருந்தது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது மீட்டர் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. 'டைமிங் பெல்ட்டை மாற்று' என்று அர்த்தம்.

இன்ஜின் தெரிந்தவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். பிஸ்டன் மேலும் கீழும் போய்வந்து சுழற்றுவது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். அது இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் 1,000 தடவை திறந்து மூடுகிறது. இந்தத் தாளம் பிசகாமல் பார்த்துக்கொள்வது, உள்ளே கண்ணாடி இழை வைத்த, பல் வெட்டிய ஒரு ரப்பர் பட்டை. (1940-களில் அமெரிக்காவில் இந்தப் பல் பட்டையைக் கண்டுபிடித்ததே தையல் மிஷினுக்காகத்தான். ஊசியும் பாபினும் ஒத்துப்போக வேண்டுமே!) இந்த மாதிரி டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. பட்டை அறுந்தால் ஒன்றோடு ஒன்று மோதும். வால்வு வளையும். பில் லட்சத்தைத் தாண்டும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும். பேட்டரி போவதற்கு முன்னால் காலையில் முனகும். இது பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாமல் போய்விடும்.

இன்னொன்று. அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. அது கிலோமீட்டரைத்தான் எண்ணுகிறது. பெல்ட் நன்றாக இருக்கிறதா, நைந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது.

கடலூர் முதுநகரில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். படகு இன்ஜினில் தொழில் கற்றவர். எல்லோருக்கும் பாய். பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு சொன்னார். நண்பர் முகம் வாடியது. அப்போது, நான்தான் சொன்னேன்:

"பாய், விக்கப்போற வண்டி. விளக்கை மட்டும் அணைச்சுட முடியாதா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அணைக்கலாம் சார். பட்டன்லயே ரெண்டு நிமிஷ வேலை. இந்த பெல்ட்டு உங்க ட்ரிப்புக்குத் தாங்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்கறவருக்குத்தான் ஆகும்."

குத்தலாகவெல்லாம் சொல்லவில்லை. எந்த ஸ்பானர் எந்த நட்டுக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். எனக்குத்தான் காது சூடானது.

வருமுன் காப்பது என்று நாம் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். 1999-ல் அரசாங்க மருத்துவ முகாமுக்கே 'வருமுன் காப்போம்' என்று பெயர் வைத்தார்கள். வள்ளுவர் சொன்னதும் அதுதான். ஆனால் கவனியுங்கள், அங்கே வருமுன் காக்காதவனுடைய வாழ்க்கைதான் எரிந்து போகிறது. காக்காதவனும் அவன்தான், கெடுபவனும் அவன்தான். கணக்கு நேர். அதனால் அது புத்திசாலித்தனம். காக்க வேண்டியவர் ஒருவர், கெடப்போகிறவர் வேறொருவர் என்று ஆகும்போது? அப்போது புத்திசாலித்தனம் நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, 'விளக்கை அணை' என்கிறது.

ஷெட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் துறைமுகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 ஆனது. அந்த இரண்டு மாதமும் பழுது பார்க்கிற காலம். படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். போன மாதம்வரை நன்றாக ஓடிய இன்ஜின்தான். "ரோட்டுல நின்னா எறங்கித் தள்ளலாம் சார். கடல்ல யார் தள்ளுவா?" என்றார் பாய்.

அங்கே நின்று பார்த்தபோது ஒன்று உறைத்தது. இன்ஜினைப் பிரிக்கக் காசு கொடுப்பவர் படகு முதலாளி. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் அதில் நிற்கப்போவது பெரும்பாலும் கூலிக்குப் போன வேறு ஆட்கள். ஒரு முதலாளி நினைத்தால் பெயின்ட்டை மட்டும் அடித்துவிட்டு அனுப்பலாம். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு படகும் ஒரே மாதிரி பளபளக்கும்.

'விற்பவன் எல்லாவற்றையும் புதுசாக்கியா கொடுக்க முடியும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். முடியாது, தேவையும் இல்லை. தேய்ந்த டயரை வாங்குபவர் பார்க்கலாம், பேரம் பேசலாம். பெல்ட் மூடிக்குள்ளே இருக்கிறது. அதைப் பற்றி அந்த மனிதருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தகவல் அந்தச் சின்ன விளக்கு. விளக்கை எரியவிட்டே, விஷயத்தைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றிருந்தால் அதுவும் நேர்மைதான். அந்த யோசனை அன்று எனக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் ஒரு நிமிஷம் அம்மாவை நினைத்தாரோ, வாங்கப்போகிறவரை நினைத்தாரோ... "மாத்திடுங்க பாய்" என்றார்.

பாய் பழைய பெல்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். வளைத்துப் பார்த்தோம். ஒரு விரிசல் இல்லை. ஒரு பல்கூட உடையவில்லை. "நல்லாத்தானே இருக்கு!" என்று நண்பர் என்னைப் பார்த்தார், ஏதோ நான் ஏமாற்றிய மாதிரி. கடைசியில் பாய் டேஷ்போர்டு பட்டனை அழுத்தி விளக்கை அணைத்தார். அதே பட்டன். அதே இரண்டு நிமிஷம். பெல்ட் மாற்றிவிட்டு அணைப்பதற்கும் மாற்றாமல் அணைப்பதற்கும் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பயணம் பிரமாதமாக அமைந்தது. அதாவது, ஒன்றும் நடக்கவில்லை. சிதம்பரம் போனால் பிச்சாவரம் போகாமல் இருக்க முடியுமா? படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகும்போது நண்பர் மறுபடி ஆரம்பித்தார். "பழசே தாங்கியிருக்கும்." நானும் யோசித்தேன். தாங்கியிருக்காது என்று நிரூபிக்க வழியே இல்லை.

அந்தக் காட்டுக்கே அந்தப் பிரச்னை உண்டு. ஒரு காலத்தில் மரங்களை மொட்டையாக வெட்டியதில் மண் தாழ்ந்து, கடல் தண்ணீர் தேங்கி, உப்பு ஏறிப் பல இடங்கள் செத்துக் கிடந்தன. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து, மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஓடவிட்டுக் கன்று நட்டார்கள். சேற்றில் நின்று செய்த வேலை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் 2005-ல் எழுதினார்கள். மறு வருஷமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் மறுத்தார்கள். அந்த ஊர்கள் கடலைவிட்டுத் தள்ளி, மேட்டில் இருந்தன. அதனால் தப்பின என்பது அவர்கள் வாதம்.

2000-வது வருஷம் பிறந்தபோதும் இதே கதைதான். கம்ப்யூட்டர்கள் வருஷத்தைத் தப்பாகப் படித்துவிடும் என்று உலகமே பயந்தது. நம் ஊர்ப் பையன்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து பழைய கோபால் புரோகிராம்களைத் (பல்பொடி இல்லை!) திருத்தினார்கள். ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே, 'எல்லாம் சும்மா கிளப்பிவிட்ட பீதி' என்று பேச்சு. ஒழுங்காக வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த பரிசு அது.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் வண்டியைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர், மனைவியும் கூட. ஏ.சி-யைப் போட்டுப் பார்த்தார். பாட்டுப் போட்டுப் பார்த்தார். குனிந்து நான்கு டயரையும் தடவிப் பார்த்தார். நண்பர் பெருமையாக பெல்ட் மாற்றிய பில்லை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கி, படிக்காமலேயே மடித்து, மற்ற காகிதங்களோடு வைத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும் சார். பின் டயர் ரெண்டும் மாத்தணும் போலிருக்கே... ஒரு அஞ்சாயிரம் குறைச்சுக்கோங்க."

நண்பர் குறைத்துக்கொண்டார்.