நேர்த்தியும் ஒப்பந்தமும்

இலங்கையின் வஹகோட்டை அந்தோனியார் ஆலயத்தில் நேர்த்தி வைப்பவர்கள், வேண்டியது கிடைத்தபின் கடனைச் செலுத்த வருவார்கள். பலன் முன்னே, கைம்மாறு பின்னே. ஓர் இளம் கிரிக்கெட் வீரரின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்ற கேள்வியில் இந்த வரிசை தலைகீழாகிறது: அணி முதலில் நம்ப வேண்டும், பலன் பிறகுதான் வரும். கண்டியில் வளர்ந்த பந்துவீச்சாளர் மதீஷ பத்திரன சென்னை அணிக்காக 2023 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தபோது அவருக்கு வயது 20. பின்னர் அந்த அணி அவரை 13 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தது. 2025இல் ஓவருக்குப் பத்துக்கு மேல் ஓட்டங்கள் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே விடுவிக்கப்பட்டார். வளரும் உடலும் கலையும் ஒரே சீராக முன்னேறுவதில்லை. 2024இல் தொடைத்தசைக் காயம் அவரது பருவத்தைப் பாதியில் நிறுத்தியதே அதற்குச் சான்று. ஒரே பருவத்தை வைத்துத் தீர்ப்பிடுவது, நம்பிக்கையைக் கூலியாகக் குறுக்குவது.

அணியின் பணத்துக்கு எல்லை உண்டு, மற்ற வீரர்களுக்கும் பங்கு வேண்டும் என்பார்கள். அது நியாயமே, என்றென்றும் வைத்திருக்க யாரும் கடமைப்பட்டவரல்ல. பிறகு நடந்த ஏலத்தில் கொல்கத்தா அணி அவரை 18 கோடிக்கு எடுத்ததே, அவருக்கு என்ன இழப்பு என்றும் கேட்கலாம். ஆனால் பின்னால் வந்த நல்விளைவு முன்னைய முடிவைச் சரியாக்கிவிடாது. அந்த நவம்பரில் அவ்விலை யாருக்கும் தெரியாது. இளைஞனின் நல்ல ஆண்டுகளைத் தன் பெருமையாகக் கொண்ட அணி, அவனது மோசமான ஓராண்டையாவது தன்னுடையதாக ஏற்கக் கடமைப்பட்டிருக்கிறது.