மணி

விஜயகரிசல்குளம். வெம்பக்கோட்டைக்குப் பக்கம், வைப்பாற்றங்கரை மேடு. 2022-ல் தொல்லியல் துறை இங்கே குழி வெட்டத் தொடங்கியது. கிடைத்தவற்றை வைத்த கண்காட்சியில் சங்கு வளையல் துண்டுகளோடு கண்ணாடி மணிகளும் இருந்தன. சிலது கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதிலும் துளை.

*

இத்தனை சின்னக் கண்ணாடி மணியில் பிறகு துளை போடுவதில்லை. துளையோடுதான் மணி பிறக்கிறது. அரிக்கமேட்டு மணிகளில் பெரும்பாலானவை இழுத்துச் செய்தவை. அந்தக் கைவேலை ரேணிகுண்டாவுக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் போன நூற்றாண்டிலும் நடந்தது. குழைந்த கண்ணாடியை இரும்புக் குழாயின் நுனியில் உருட்டிச் சேர்ப்பார்கள். கம்பியால் நடுவே பொள்ளல். எதிர்ப்பக்கம் ஒருவர் கொக்கியில் பிடித்து இழுக்க, உலையிலிருந்து குழல் வந்துகொண்டே இருக்கும், சேமியா மாதிரி. குழலை நறுக்கினால் மணி.

நறுக்கிய விளிம்பு கையைக் கீறும். சாம்பலோடு சட்டியில் போட்டு, சூடேற்றிக் கிளறினால் முனை மழுங்கும். துளைக்குள் சாம்பல் புகுந்து நிற்பதால் வாய் மூடாது. எனக்கு இந்த வித்தையில் மிகவும் பிடித்தது அந்தச் சாம்பல்தான்.

*

எங்கள் பக்கம் மணி என்றால் வேறு. பேன்சி வெடிக்குள் போகும் வண்ண உருண்டைக்கு மணி மருந்து என்று பெயர். பக்கத்து வீட்டு மதினிக்கு அந்த வேலைதான். மூட்டம் போட்டால், "மணி காயல, வேல இல்ல" என்பார்.

*

செம்பு இரண்டு மணிக்கும் பொது. காற்று குறைந்த உலையில் கண்ணாடிக்கு அது செங்கல் சிவப்பைக் கொடுக்கும். காற்று விட்டால் பச்சை கலந்த நீலம். வெடியில் குளோரினோடு சேர்ந்தால் நீலம். சூடு கொஞ்சம் மிஞ்சினால் அந்தச் சேர்மம் உடைந்து நிறம் வெளிறும். தீபாவளி வானத்தில் நல்ல நீலத்தை நான் எண்ணித்தான் பார்த்திருக்கிறேன்.

*

கண்ணாடியை அவசரமாய்க் குளிரவிடக் கூடாது. வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இழுவிசை தங்கும். பிறகொரு நாள், யாரும் தொடாமலே விரிசல் விடும். பெரிய பாத்திரங்களை ஏறக்குறைய 500 டிகிரியில் வைத்து, மணிக்கணக்கில் சூட்டை இறக்குவார்கள். ஆறவிடுவது. சோறும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது, ஒரே சொல்தான்.

*

கண்காட்சிக்கு மதினியையும் கூட்டிப் போனேன். நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கும் விரலைப் பெட்டிமேல் வைத்துக் குனிந்தார்.

"இத எங்க காய வச்சாங்க?"

"காய வைக்கல மதினி. சாம்பல்ல போட்டுச் சூடு காட்டி, மெதுவா ஆற விட்டாங்க."

"சாம்பல்லயா" என்றார். விரலை எடுக்கவில்லை.