தேசப்படத்தின் வெற்றிடங்கள்

பிழையில்லாத ஒரு தேசப்படம் அநீதியானதாகவும் இருத்தல் கூடுமா? அளவுத்திட்டம் சரி, திசை சரி, தெருவும் குளமும் கோயிலும் கிடக்கவேண்டிய இடத்திலேயே கிடக்கின்றன. ஆயினும் அதனைக் கையில் எடுத்த ஒருவன், இன்னொருவனுடைய வாழ்நிலத்தை வெற்றுநிலம் என்று வாசித்துவிட முடிகின்றது. குற்றம் வாசித்தவனுடையதா, வரைந்தவனுடையதா? வரைந்தவன் கண்டதை வரைந்தான், கருவிக்கு ஒழுக்கம் ஏது என்று நண்பர் சிலர் கூறுவர். அவ்வளவு எளிதில் இதனை விட்டுவிட எனக்கு மனமில்லை.

முதலிற் பெயர்களைப் பார்ப்போம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். ஏனையவை பெரும்பாலும் வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மாத்திரம் அரசாங்கத்தின் ஆங்கில ஏடுகளில் இன்றும் நிலைத்திருக்கின்றது. பெயரில் என்ன என்று கேட்கலாம். அப்படம் எவருடைய கைக்காக வரையப்பட்டது என்பது பெயரில் இருக்கின்றது. நெடுந்தீவில் ஆடு மேய்த்தவனுக்கு அத்தீவு எது என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கப்பற் தலைவனுக்குத்தான் தேவை. (இமயத்தின் அதியுயர் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. 1865இல் அதற்கு நிலைத்த பெயரோ எவரெஸ்ட். அந்த எவரெஸ்டே அதனை விரும்பினாரல்லர் என்பது வேறு கதை.)

பெயரை மாற்றுவது சிறு குற்றம். பெயரே இடாது வெறுமையாக விடுவது பெருங்குற்றம். பிரித்தானியர் 1800இல் இந்நாட்டில் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1840இல் வந்த 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் குடியில்லாத, பயிரிடாத நிலமும் மறுதலையான சான்று காட்டப்படும்வரை முடிக்குரியன என்றது. கோப்பித் தோட்டக்காரனுக்கு விற்க நிலம் வேண்டியிருந்தது. விற்பதற்குப் படம் வேண்டியிருந்தது. மழையை நம்பி ஆண்டுக்கு ஓரிடமாகச் சேனை செய்த கண்டிக் குடியானவன் அப்படத்தில் எங்கே நிற்பான்? அளவையாளன் சென்ற ஆண்டில் அவன் அந்நிலத்தில் இல்லை. ஆகவே நிலமும் அவனுடையதன்று. 1897இன் தரிசுநிலச் சட்டம் உரிமை கோர மூன்று மாதத் தவணை கொடுத்தது. 1931இன் காணி நிர்ணயச் சட்டமும் அவ்வழியே சென்றது.

இது பழங்கதையென்று எண்ணுவோர் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியைப் புரட்டிப் பார்க்கட்டும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு அதே 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவித்தல் வெளிவந்தது. அதே மூன்று மாதத் தவணை! போரில் உறுதி எரிந்தவர், கடல்கடந்து போனவர், இறந்துபோன தந்தையின் பேரிலேயே காணியை வைத்திருப்பவர் யாவரும் அதற்குள் வந்து நிரூபித்தாகவேண்டும். யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது.

எங்கள் வலிகாமம் வடக்கில் 2013இல் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமை கோருவோரைக் கண்டறிய முடியவில்லை என்று அவற்றில் எழுதியிருந்தது. 1990இல் அந்நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களோ சில மைல் தூரத்தில், நலன்புரி முகாம்களில், பெயர்ப்பதிவோடும் பங்கீட்டு அட்டையோடும் இருந்தன! ஆயிரக்கணக்கானோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர். அறிவித்தலோடு இணைந்த நில அளவையில் ஒரு பேர்ச்சும் தவறவில்லை. அளவை அத்துணை நுட்பம். ஆளை மட்டும் காணவில்லை.

இவ்வளவும் அந்நியரையும் அரசையும் நோக்கிய சினம். அவ்வளவில் நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியானது, நேர்மையானதன்று. நம்மவரின் சொந்தத் தேசப்படம் ஒன்று உண்டு. அதுவே உறுதி. ஒரு துண்டுக் காணிக்கும் அதில் ஒரு பெயர் உண்டு. நான்கு திசைக்கும் அயலவர் பெயர் உண்டு. கிணற்றிலும் வாய்க்காலிலும் இத்தனை பங்கு என்ற கணக்கு உண்டு. வரகு விதைக்கும் மேட்டுநிலமாயின் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைக்கும் வயலாயின் 24 பரப்பு ஓர் ஏக்கர். மண்ணின் குணத்தை அறிந்த அளவு இது. ஒரு மைலை ஓர் அங்குலமாக்கும் அரசாங்கப் படத்திலே இரண்டு பரப்பு வரகுக்காணி ஊசிமுனைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். உறுதியிலோ அதன் வேலியில் நிற்கும் பனைக்கும் உரிமை பேசப்படும்.

ஆனால் அக்காணியில் உழைத்தவன் பெயர் எங்கே? பிறர் காணியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, அவர்க்கே உழைத்து, எழும்பு என்றால் எழும்பவேண்டியிருந்த மக்களை எந்த நொத்தாரிசு எழுதினார்? கிணற்றுப் பங்கை எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று பிரித்தெழுதத் தெரிந்த சமூகம், அக்கிணற்றில் வாளி போட ஒரு பகுதியாரை விடவில்லை. மேற்சாதியார் அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்து நின்றார்கள். அந்நியன் படத்தில் நமக்கு நேர்ந்த வெறுமையை, நம் உறுதியில் நாம் பிறர்க்குச் செய்தோம். வஞ்சகம் ஒன்றே, அளவுத்திட்டம் வேறு.

இப்போது நிலத்தடியையும் படமாக்கும் காலம் வந்திருக்கின்றது. குடாநாட்டுக்கு ஆறு இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை வழியாக அராலிக் கடனீரேரிக்குப் போகும் வழுக்கையாறும் மாரி வெள்ளத்துக்கு மட்டும் ஆறு. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே. சுன்னாகம் மின்னிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்து, 2015இல் மக்கள் தெருவுக்கு வந்தபோது, ஒரே நிலத்தடி நீரைப் பற்றி வெவ்வேறு நிபுணர் குழுக்கள் வெவ்வேறு முடிவுரைத்தன. எந்தக் கிணறு, எந்த மாதம், எத்தனை முழ ஆழம் என்பவற்றைத் தெரிந்தெடுப்பதிலேயே முடிவின் பாதி அடங்கிவிடுகின்றது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனத்தைப் பொறுப்பாக்கி 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. அதற்கு நிலைத்த சான்றாயிருந்தவை மாதிரி எடுக்கப்பட்ட கிணறுகள். எடுக்கப்படாத கிணற்றில் அள்ளிக் குடித்தவனுக்கு எந்தச் சான்று?

ஆகவே வரைபவன் கருவி மட்டுமல்லன். எதைக் குறிப்பது, எதை விடுவது என்று அவன் ஒவ்வொரு கோட்டிலும் தீர்மானிக்கின்றான். யார் கூலி கொடுக்கின்றார் என்பது அத்தீர்மானத்தில் இருக்கின்றது. தேசப்படமே வேண்டாம் என்று ஒதுங்குவது பேதைமை. உறுதி இழந்தவனுக்கு நீதிமன்றத்தில் கைகொடுப்பதும் ஒரு பழைய நில அளவைப் படந்தானே. வரையும் கையை மாற்றுவதே நமது வேலை. அதற்குப் பள்ளிக்கூடம் தகுந்த இடம்.

ஒன்பதாம் தரத்து மாணவரிடம் அளவெட்டியை வரையச் சொன்னேன். பெரும்பாலோர் கும்பிளாவளைப் பிள்ளையார் கோயிலையும் பாடசாலையையும் சந்தியையும் வரைந்தனர். வழுக்கையாற்றை இருவரே வரைந்தனர். ஒரு மாணவி தண்ணீர் பவுசர் வந்து நிற்கும் மூலையை மட்டும் பெரிதாக வரைந்திருந்தாள். கல்லுக் கட்டிய கயிறும் அளவுநாடாவும் கொண்டு, வைகாசியிலும் மார்கழியிலும் ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் குறிப்பதென்றும், உரியவர் பெயரோடு அதில் அள்ளுவோர் பெயரையும் எழுதுவதென்றும் தீர்மானித்திருக்கின்றோம். கிணறில்லாத வீட்டுக்கு என்ன குறி போடுவது என்று அம்மாணவி கேட்டாள். வகுப்பு இன்னும் அதனை முடிவு செய்யவில்லை.