தேர்வும் சூதும்

வினாவுக்கு விடை கூறிப் பரிசு பெறுவதில் குற்றம் ஏதும் உண்டா? நம் பங்குகளில் விவிலிய வினாடி வினா நடத்துகிறோம். வென்ற சிறுவருக்குப் புத்தகமோ பாத்திரமோ அளித்து மகிழ்கிறோம். அதே வினாவும் விடையும் தொலைக்காட்சியில் ஒரு கோடி ரூபாய்க்கு நடைபெறும்போது மட்டும் மனத்தில் ஓர் ஐயம் எழுகிறது. தொகை பெரிது என்பதால் எழும் ஐயமா, அன்றி அவ்விளையாட்டின் இயல்பே வேறா என்று ஆராய்வது நன்று.

1998-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்நிகழ்ச்சி, 2000-ஆம் ஆண்டு சூலையில் அமிதாப் பச்சனை நெறியாளராகக் கொண்டு ‘கௌன் பனேகா குரோர்பதி’ என்னும் பெயரில் இந்தியில் வந்தது. தொடர்ந்து தமிழில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நிகழ்ச்சியை நடத்தினார். 2012-இல் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று அழைத்தார். 2019-இன் இறுதியில், பெண்களுக்கு மட்டுமேயான ‘கோடீஸ்வரி’யை ராதிகா தொடங்கினார். பெயர்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் காட்டப்படும், சரியானது ஒன்று. விடை சரியானால் பரிசு ஏறும். தடுமாறுவோருக்கு உதவியாகப் பார்வையாளரின் கருத்தைக் கேட்கலாம்; தவறான விடைகளில் இரண்டை நீக்கச் சொல்லலாம்; நண்பரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

இந்தியில் முதன்முதல் அமைந்த பரிசு ஏணியில் பதினைந்து படிகள் இருந்தன. பத்தாம் படியில் 3,20,000 ரூபாய். பதினான்காம் படியில் 50 லட்சம். பதினைந்தாம் படியில் ஒரு கோடி. பத்தாம் படியைக் கடந்தவர் பின்னர்த் தவறினாலும் 3,20,000 ரூபாய் அவருக்கு உண்டு. வினாவைப் பார்த்த பிறகும், “போதும்” என்று சொல்லி, அதுவரை ஈட்டிய தொகையுடன் அவர் விலகிவிடலாம். இந்த ஒரு விதியில்தான் நம் ஐயத்திற்கான விளக்கம் அடங்கியிருக்கிறது.

இறுதி வினாவின்முன் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். இரண்டு விடைகள் நீக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய இரண்டில் எது சரி என்பது அவருக்குத் தெரியவில்லை. விலகினால் 50 லட்சம். துணிந்தால் ஒரு கோடி அல்லது 3,20,000. இரண்டுக்கும் சமவாய்ப்பு என்பதால் சராசரி 51,60,000 ஆகிறது. விலகிப் பெறுவதைவிட இது சற்றே மிகுதி. ஆகவே, வெறும் கணக்கு “ஆடு” என்றே கூறும். ஆனால் அந்தச் சராசரித் தொகை எந்தக் குடும்பத்தின் கைக்கும் வருவதில்லை. ஒரு கோடி வரும். இல்லையேல் 46,80,000 ரூபாய் பறிபோகும். அத்தொகை ஒருவரது கடனைத் தீர்த்திருக்கும், வீடு கட்டியிருக்கும், மகளைப் படிக்க வைத்திருக்கும்.

“கொண்டு வந்த பணமா? வந்த வழியே போகட்டுமே” என்பர் சிலர். முதல் வினாவுக்கு இது பொருந்தும். அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை. அது தேர்வு. ஆனால் “போதும்” என்று ஒரு சொல் சொன்னால் 50 லட்சம் கிடைக்கும் என்ற நிலை வந்தபின், அத்தொகை அவருடையதே. அறியாத விடைக்கு அதைப் பணயம் வைப்பது சூது. தேர்வாகத் தொடங்கியது இடைவழியில் சூதாக மாறிவிடுகிறது. மாறிய இடத்தில் மணி அடிப்பதில்லை. இருக்கையும் வினா முறையும் முன்போலவே இருக்கின்றன. அந்த எல்லையை அறிய வேண்டியவர் ஆடுபவர் ஒருவரே.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பணயம் வைத்து ஆடும் ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல என்று கற்பிக்கிறது. தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போதுதான் ஏற்கத் தகாதவை ஆகின்றன என்றும், அவற்றின்மேல் கொள்ளும் மோகம் மனிதரை அடிமையாக்கும் என்றும் எச்சரிக்கிறது. எனவே, தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, யாருடைய தேவை பணயமாகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பார்த்திருக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. 1950-களில் அமெரிக்காவில் ‘ட்வென்டி ஒன்’ என்னும் வினாடி வினாவில் புகழ்பெற்றவர் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர். தமக்கு விடைகள் முன்னரே தரப்பட்டன என்றும், எங்கே தயங்க வேண்டும், எப்படித் திணறிப் பின் விடை சொல்ல வேண்டும் என்றுகூடக் கற்பிக்கப்பட்டது என்றும் 1959-இல் அவர் ஒப்புக்கொண்டார். அறிவு மட்டுமே விலைபோகும் சரக்காயிருந்தால் திணறலைக் கற்பிக்கத் தேவை இருந்திராது. பிறர் தவிப்பைக் காணும் நம் ஆவலே அங்கு விலைபோனது. ஒருவர் விலகும்போது “கோழை” என்று வீட்டுக்கூடத்திலிருந்து நாம் சொல்லும் சொல்லில், பிறர் பணத்தில் சூதாடும் இன்பம் கலந்திருக்கிறது.

இதனால், உச்சியை நாடுவதே தவறு என்று ஆகிவிடாது. மதுரை நீதிமன்றத்தில் பணிபுரிந்த, செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத கௌசல்யா கார்த்திகா, 2020 சனவரியில் ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியில் ஒரு கோடி ரூபாய் வென்றதைக் கண்டு நம் பகுதியே மகிழ்ந்தது. அறிந்ததை அறிந்தேன் என்று உறுதியாகச் சொல்வதும் அறமே. அறியாததை அறியேன் என்று சொல்வது அதனினும் கடினம்.

நாகமலை புதுக்கோட்டையிலும் அதை அடுத்த பல்கலைக்கழக வட்டாரத்திலும் அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள் இதை நன்கறிவர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020-இல் விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் ஒன்றைச் சேர்த்தது. விடை தெரியாதவர் நிரப்ப வேண்டிய வட்டம் அது. முறைகேட்டைத் தடுக்கவே அது வந்தது. அதை நிரப்புவோருக்கு மதிப்பெண் கிடையாது. ஆயினும் கோடி ரூபாய்த் திரையில் நான்கு விடைகளே தெரிகின்றன. ஐந்தாவதை ஆடுபவர் தம் உள்ளத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நான்கில் ஒன்றைத் தேரக் கற்பிக்கும்போதே, “எனக்குத் தெரியவில்லை, இது போதும்” என்று வெட்கமின்றிச் சொல்லவும் கற்பிப்போமாக.