வரியும் தானமும்

தக்காஃபுல் மாதத் தவணை கூடிவிட்டது என்று வந்த கடிதத்தைக் காக்காவிடம் காட்டினேன். "இத்தனை வருசம் கட்டி ஒரு காசு எடுத்தியா? எல்லாம் வீண்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வட்டி, சூது, நிச்சயமின்மை கலந்தது என்று 1972-இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு ஆயுள் காப்புறுதியை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக, கட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் தக்காஃபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதிக்கு 1984-இல் சட்டம் வந்தது. கட்டும் பணத்தில் ஒரு பங்கு தானமாகப் பொது நிதிக்குப் போகிறது. முகம் தெரியாத யாரோ ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு உதவுகிறது. எனக்கு நோய் வராததை நஷ்டக் கணக்கில் எழுதுவது ஒரு முஃமினுக்கு அழகா?

என் சங்கடம் வேறு. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5. உம்மாவின் சர்க்கரைக்கு பினாங்கில் அங்கேதான் பார்த்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் எண் சீட்டோடு ஒரு சீனக் கிழவர், ஒரு மலாய் மாக்சிக், மாத்திரைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உம்மா. தனியார் ஆஸ்பத்திரிக்கான தக்காஃபுல் கார்டு கைக்கு வந்தபின் நான் அங்கே போவதில்லை. அனுபவமுள்ள டாக்டர்களும் தனியாருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வாய் உள்ளவர்கள் எல்லாம் விலகினால் அங்குள்ள நெரிசலைக் கேட்க யார் மிச்சம்?

தக்காஃபுல் நிதி சந்தா கட்டியவரைத்தான் தாங்கும். அரசு ஆஸ்பத்திரி கட்ட முடியாதவரையும் தாங்குகிறது. வரியைப் பெரிய தானம் என்று நான் நினைப்பது அதனால்தான்.

கார்டு இருக்கட்டும். வரியை மனமுவந்து கட்டுங்கள். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் முதலில் அரசு ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேளுங்கள்.