நிற்பதற்கும் சேர்த்தா சம்பளம்?

தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்பவருக்கு இடையிடையே உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு அதே வசதியைத் தமிழ்நாடு சட்டமாக்கியது 2021-இல். நடுவில் 73 ஆண்டுகள். (இங்கிலாந்தில் மூன்று கடைப் பெண்களுக்கு ஓர் இருக்கை என்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது.)

ஸ்டூல் என்ன விலை விற்றுவிடும்? பணம் தடையாக இருக்கவில்லை. நிற்பதும் சம்பளத்தில் சேர்த்தி என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். வாங்கப் போன நாமும் அப்படியே நினைத்தோம்.

முதலாளிகள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு, உட்கார்ந்திருக்கும் ஆள் அசட்டையாகப் படலாம். எதிர்க்கடை நாலு அடி தூரத்தில் இருக்கிறது. உட்கார்ந்தால் மதியத்தில் கண் வேறு சொக்கும். எல்லாம் சரி. ஆனால் அதே கடையில் கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துகொண்டுதான் பணம் வாங்குகிறார்; அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படியென்றால் நிற்க வைப்பது வேலைக்காக அல்ல, ஆளின் தரத்துக்காக. யார் முன்னே யார் உட்காரலாம் என்று கணக்குப் பார்த்த பழைய ஊர்வழக்கத்துக்குச் சீருடையும் அடையாள அட்டையும் மாட்டி ஏ.சி. ஷோரூமுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள்.

நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு வலிக்கும். இவற்றுக்காவது மருந்து உண்டு. உழைத்த களைப்பு ஒரு தூக்கத்தில் தீரும். ஆள் வராத நேரத்திலும் பார்வைக்காக நிற்க வேண்டியிருந்தால், சுவரில் சாய்ந்ததைக் கேமராவில் பார்த்துச் சூப்பர்வைசர் அதட்டினால், அந்தச் சோர்வு தூங்கி எழுந்தாலும் போகாது. இதையெல்லாம் செய்துவிட்டு, ஊழியர்கள் முகத்தில் சிரிப்பு இல்லையே என்று பயிற்சி வகுப்பு நடத்துகிற நிர்வாகத்தை என்னவென்று சொல்வது?

உட்காரும் உரிமை யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று ஒன்றுசேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு இருக்கை கேட்டார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அடுத்தது தமிழ்நாடு.

தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் சேர்ந்த 22-ஏ பிரிவு, ஆண் பெண் என்று பிரிக்காமல் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்கிறது. இருக்கையைச் சட்டம் வாங்கிப் போடச் செய்யும். அதில் உட்கார்ந்தவரை ஒருமுறை முறைத்தால் போதும், மறுநாள் அது காலியாகக் கிடக்கும். கேட்டால் கடையில் குறையேதும் இல்லை. சட்டத்துக்குப் பயந்து நாற்காலி போட்டு, தன் கௌரவத்துக்காக அதைக் காலியாக வைத்திருப்பவர் இரண்டு முறை தவறு செய்கிறார். ஆகவே தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடையில் எத்தனை நாற்காலி என்று எண்ணுவதோடு திரும்பிவிடக் கூடாது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய், அவற்றில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.